வாசலில் தொடங்கும் கணக்கு: குறைவாக வாங்கி வாழ்வதற்கான முழுமையான வழிகாட்டி

பசுமையாக வாழ வேண்டும் என்று முடிவெடுப்பவர்களில் பலர், அந்த முடிவை எடுத்த வாரத்திலேயே கடைக்குப் போகிறார்கள். மூங்கில் பல்துலக்கி, எஃகு உறிஞ்சுகுழல், புதிய துணிப்பை, கண்ணாடிக் குப்பிகள் என்று ஒரு நீண்ட பட்டியல் தயாராகிறது. அந்தப் பொருள்களில் தவறு ஏதுமில்லை. ஆனால் வீட்டில் ஏற்கெனவே பத்துப் பைகள் மடித்துக் கிடக்கும்போது பதினோராவதாக ஒரு பருத்திப் பையை வாங்குவது, பூமிக்கு நாம் தரும் இன்னொரு சுமையே. டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வு, சாதாரணப் பருத்திப் பை ஒன்று பருவநிலைத் தாக்கத்தில் மட்டும் கடைகளில் தரும் நெகிழிப் பைக்கு ஈடாக வேண்டுமானால், அதைக் குறைந்தது 52 முறை பயன்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டது. நீர், நிலம் முதலிய எல்லாத் தாக்கங்களையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் உயர்ந்தது. தெருவிலும் நீர்நிலையிலும் சேரும் நெகிழிக் குப்பையின் கேட்டை அந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை என்பதால், நெகிழிப் பையே மேல் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கிழிந்து நைந்து போகும்வரை ஒரே பையைத் தூக்கிக்கொண்டு போவதில்தான் பயன் இருக்கிறது என்பதே அது சொல்லும் செய்தி.

எனவே இந்த வழிகாட்டி எதையும் வாங்கச் சொல்லித் தொடங்கவில்லை. சென்னை போன்ற நகரத்தில், வாடகை அடுக்ககத்தில் வாழும் நான்கு பேர் கொண்ட குடும்பத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எங்கள் குடும்பமும் அத்தகையதே. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற முயன்றால் வீட்டில் மனக்கசப்புதான் மிஞ்சும். ஆகவே ஆறு மாதங்களை ஒதுக்கி, ஒரு படி பழக்கத்துக்கு வந்த பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள்.

முதல் படி: ஒரு வாரக் குப்பையை எண்ணிப் பாருங்கள்

தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, காந்தியப் பொருளாதாரத்தை வகுத்தவராக அறியப்படுகிறார். அவர் இலண்டனில் கணக்காளராகப் பயிற்சி பெற்றவர் என்பதை நாம் அவ்வளவாக நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கிராமத் தொழில்களைப் பற்றிப் பேசியபோதும் அவரிடம் இருந்தது கணக்கரின் கண்தான்: ஒரு பொருள் எங்கிருந்து வருகிறது, எதைத் தீர்த்துவிட்டு வருகிறது, அதை இயற்கையால் மீண்டும் நிரப்ப முடியுமா என்று அவர் கேட்டார். எளிய வாழ்க்கையைத் தொடங்க விரும்புகிறவர்களுக்கு அந்தக் கணக்கர் மனநிலையே முதலில் தேவை.

செய்முறை எளிது. திருமணமோ பண்டிகையோ விருந்தினரோ இல்லாத ஒரு சாதாரண வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஏழு நாள்களும் ஈரக் குப்பையை அன்றன்று எடைபோட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். நகைக் கடையில் நிறுப்பது போல அத்தனை துல்லியம் வேண்டாம். பழைய கைத்தராசே போதும். உலர்ந்த குப்பையை வெளியே போடாமல் ஒரு சாக்கில் சேர்த்து வையுங்கள். எட்டாம் நாள் காலையில் மொட்டை மாடியிலோ கூடத்திலோ பழைய நாளிதழை விரித்து அந்தச் சாக்கைக் கவிழ்த்து, குடும்பத்தார் அனைவரும் சுற்றி அமர்ந்து எண்ணுங்கள்.

எங்கள் வீட்டில் முதன்முறை கவிழ்த்தபோது பதினான்கு அரை லிட்டர் பால் உறைகள் இருந்தன, அதை எதிர்பார்த்திருந்தோம். கூரியரில் வந்த ஐந்து நெகிழி உறைகளையும், அவற்றுக்குள் பொருளைவிடப் பெரிதாக இருந்த குமிழித் தாள்களையும் எதிர்பார்க்கவில்லை. உணவகத்திலிருந்து தருவித்த இட்லியுடன் வந்து, முடிச்சைக்கூட அவிழ்க்காமல் எறிந்த சாம்பார்ப் பொட்டலங்கள் இரண்டு கிடந்தன. ஈரக் குப்பையின் குறிப்பிலோ, பூஞ்சை பிடித்த அரைப் பாக்கெட் ரொட்டியும் குளிர்பெட்டியில் கறுத்துப்போன கொத்தமல்லிக் கட்டும் இருந்தன. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. எண்ணியதை எழுதி முடித்தபோது எங்கே தொடங்க வேண்டும் என்பது எங்களுக்குத் தானாகவே விளங்கிவிட்டது.

குறிப்பேட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: மண்ணாக்கக் கூடியது, பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்கு எடுப்பது, வாங்காமலேயே தவிர்த்திருக்கக் கூடியது, வேறு வழியே இல்லாதது. மூன்றாவது பத்தி எவ்வளவு நீளமோ, அவ்வளவு வேலை உங்களுக்கு இருக்கிறது.

இரண்டாம் படி: வாங்குவதற்கு முன் ஓர் இடைவெளி

உணவு, மருந்து, பள்ளிக்குத் தேவையானவை ஆகியவற்றைத் தவிர எந்தப் பொருளாக இருந்தாலும், வாங்க வேண்டும் என்று தோன்றிய நாளில் வாங்காதீர்கள். குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, பொருளின் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி வையுங்கள். முப்பது நாள் கழித்தும் அதற்கான தேவை இருந்தால் வாங்கலாம். இந்தத் தாளை வைத்த பிறகு எங்கள் வீட்டில் எழுதப்பட்டவற்றில் பாதிக்கு மேல் அடுத்த மாதம் அடிக்கப்பட்டுவிட்டன. இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் பார்த்த காய்கறி நறுக்கும் கருவி, காலையில் அரிவாள்மனையைக் கையில் எடுத்தபோதே தேவையற்றதாகிவிட்டது.

அடிக்கப்படாமல் நின்ற பொருளுக்கும் கடைசியாக ஒரு கேள்வி உண்டு: இரவல் கிடைக்குமா? துளையிடும் கருவி, உயர ஏணி, பெரிய இட்லிக் கொப்பரை, பயணப் பெட்டி ஆகியவை ஆண்டுக்கு ஓரிரு முறைக்கு மேல் பயன்படாதவை. அடுக்ககத்துக்கு ஒன்று இருந்தால் போதும். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தால், முதலில் உங்கள் ஏணியைக் கொடுத்துத் தொடங்குங்கள்.

மூன்றாம் படி: மளிகையும் சமையலறையும்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கப்பட்டது. ஆயினும் காய்கறிக் கடையில் மெல்லிய உறை இன்னும் கைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. கடைக்காரர் பொருளை உறையில் போட்டுவிட்ட பிறகு வேண்டாம் என்று சொல்வதில் பயனில்லை. நிறுக்கத் தொடங்கும்போதே பையை விரித்துப் பிடித்து, "அண்ணாச்சி, கவர் வேண்டாம், இதிலேயே கொட்டிடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து சொன்னால் மூன்றாவது வாரம் அவரே பையைக் கேட்பார். பருப்பு, புளி, மிளகாய் முதலியவற்றுக்குப் பழைய வேட்டியிலோ தலையணை உறையிலோ தைத்த சுருக்குப் பைகள் போதும். செக்கில் எண்ணெய் வாங்கத் தூக்குப் பாத்திரம், மாவுக்கு மூடியுள்ள சம்புடம், இறைச்சிக்கும் மீனுக்கும் எஃகு டப்பா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாத்திரத்தை ஒதுக்கி, வாசலருகே மாட்டி வையுங்கள். உள்ளறையில் இருக்கும் பையை அவசரத்தில் யாரும் எடுத்துப் போவதில்லை.

பால், தயிர், எண்ணெய் உறைகளுக்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. பால் உறையின் மூலையை முழுவதுமாக வெட்டி எறியாமல், உறையோடு ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். தனியாக விழும் சிறு முக்கோணத் துண்டுகளை யாரும் பொறுக்கி எடுக்க முடியாது, அவை நேராகச் சாக்கடைக்குத்தான் போகின்றன. உறையைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது, சமைத்ததும் சமைக்காததுமாக வீணாகும் உணவு. ஒரு கிலோ அரிசியை வீணாக்கும்போது, அதை விளைவிக்கச் செலவான நீர், உரம், உழைப்பு, வண்டி எரிபொருள் எல்லாம் சேர்ந்தே வீணாகின்றன. காய்கறியை வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்காமல், மூன்று நாளுக்கு ஒருமுறை வாங்குங்கள். வாங்குவதற்கு முந்தைய நாளை 'மிச்ச நாள்' என்று வைத்துக்கொண்டு, கூடையில் எஞ்சிய கால் கால் காய்களை எல்லாம் போட்டுக் கூட்டாஞ்சோறோ அவியலோ செய்துவிடுங்கள். பீர்க்கங்காய்த் தோலில் துவையல், தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் கூட்டு, மிஞ்சிய இட்லியில் உப்புமா, மிஞ்சிய சோற்றில் நீரூற்றிக் காலையில் பழையது என்று நம் பாட்டிமார் செய்துவந்தவை எல்லாம் இன்றைக்கும் அப்படியே பயன்படுகின்றன. கொத்தமல்லியை வாங்கியவுடன் வேரோடு ஒரு குவளை நீரில் நிறுத்தி வைத்தால் நான்கைந்து நாள் வாடாது. சிறிய செய்திதான், ஆனால் எங்கள் குறிப்பேட்டில் கொத்தமல்லி மீண்டும் இடம்பெறவில்லை.

நான்காம் படி: ஈரக் குப்பையை வீட்டிலேயே உரமாக்குதல்

இந்தப் படியைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். எனக்கோ இதுவே மற்றெல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுகிறது. சென்னையில் நாளொன்றுக்குச் சேரும் 5,000 டன்னுக்கு மேற்பட்ட குப்பையில் பெரும்பகுதி பல்லாண்டுகளாகக் கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைக் கிடங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. காற்றுப் புகாமல் அடுக்கடுக்காக அமுங்கிய காய்கறித் தோல், மட்கி உரமாவதற்குப் பதிலாக மீத்தேன் வாயுவை உண்டாக்குகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அந்த வாயு கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைத் தேக்கக் கூடியது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கில் பற்றிய தீ பல நாள் புகைந்தது. அந்தக் கிடங்கு இருப்பதோ, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அதே ஆண்டில் சேர்க்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில்.

தேவையானவை: பக்கவாட்டில் சிறு துளைகள் உள்ள இரண்டு மண் தொட்டிகள் (வண்ணப்பூச்சு வந்த பழைய வாளியில் துளையிட்டாலும் போதும்), ஒரு சாக்கு உலர்ந்த இலைச்சருகு அல்லது தென்னை நார்க்கழிவு, ஒரு பழைய கரண்டி. தொட்டியின் அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சருகைப் பரப்புங்கள். அன்றாடக் காய்கறிக் கழிவைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போட்டு, அதைப்போல இருமடங்கு சருகால் மூடுங்கள். தொடக்கத்தில் ஒரு கை பழைய உரத்தையோ, புளித்த மோரையோ, சாணிக் கரைசலையோ தெளித்தால் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். மூன்று நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறிக் காற்றோட்டம் கொடுங்கள். முதல் தொட்டி நிரம்பியதும் மூடி வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். எண்ணெய்ப் பசையுள்ள குழம்பு, இறைச்சி, எலும்பு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டாம். எலுமிச்சைத் தோலை அளவாகப் போடலாம்.

நாங்கள் வைத்த முதல் தொட்டி கெட்டுப்போனது. சருகு போதாமல் வெறும் கழிவையே போட்டு மூடியதால், ஒன்பதாம் நாள் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் மாடிப்படி வரை வந்தது; அடித்தளத்தில் கறுப்பு நீர் தேங்கி நின்றது. ஈரம் மிகுந்து காற்று குறைந்ததே காரணம். உள்ளிருந்ததை எல்லாம் வெளியே எடுத்து, அதே அளவு நார்க்கழிவைச் சேர்த்துக் கலந்து மீண்டும் நிரப்பியதும் மூன்றே நாளில் நாற்றம் போய்விட்டது. அன்றிலிருந்து ஒரு சோதனையைக் கடைப்பிடிக்கிறோம்: ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு துளிதான் கசிய வேண்டும். ஒழுகினால் சருகு சேர்க்க வேண்டும், பொடிப்பொடியாக உதிர்ந்தால் நீர் தெளிக்க வேண்டும். வெளிறிய தடித்த புழுக்கள் தென்பட்டால் அஞ்ச வேண்டாம். அவை கழிவைத் தின்று வேலையை விரைவுபடுத்துகின்றன. இரண்டு, மூன்று மாதங்களில் தொட்டிக்குள் இருப்பது கறுத்துப் பொலபொலப்பாகும். சலித்து எடுத்துக் கையில் வைத்து முகர்ந்தால், முதல் மழை விழுந்த மண்ணின் வாசனை வரும். அதில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு மண் கலந்து கறிவேப்பிலைக்கும் கீரைக்கும் வைக்கலாம்.

ஐந்தாம் படி: தண்ணீர்

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது தொட்டிப் பெட்டிகளில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுகோலின்படி வகுத்தால், அந்த ஒரு ரயில் ஏறத்தாழ 18,500 பேரின் ஒரு நாள் தேவைக்குத்தான் போதும். குழாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வகுத்தல்தான் நினைவுக்கு வருகிறது.

வாளியில் குளித்தால் பதினைந்து முதல் இருபது லிட்டரில் முடியும். பீச்சுகுழாயில் பத்து நிமிடம் நின்றால் அதைப்போல நான்கைந்து மடங்கு செலவாகும். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றுங்கள். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவுநீரை ஒரு குடத்தில் பிடித்து வீடு துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள். அதில் உப்புச் செறிவு மிகுதி என்பதால் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றக் கூடாது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். ஆனால் பல அடுக்ககங்களில் அந்தக் குழியில் மண்ணும் சருகும் அடைத்துக் கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, செப்டம்பரில், குழியைத் தூர்வாரி மொட்டை மாடிக் குழாய் வாய்களைச் சுத்தம் செய்யச் சொல்லி அடுக்ககச் சங்கத்தில் எழுத்துமூலம் கேளுங்கள்.

ஆறாம் படி: மின்சாரம்

மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுவதாலும், பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் கூடுவதாலும், மேலே உள்ள யூனிட்டுகளைக் குறைப்பதே அதிகம் மிச்சப்படுத்தும். ஒரு கணக்கைப் பாருங்கள். பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கிறது. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், அறுபது நாள் ஓடினால் 54 யூனிட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 'பிஎல்டிசி' வகை விசிறி 28 வாட் எடுப்பதாகக் கொண்டால் அதே நேரத்துக்கு ஏறத்தாழ 20 யூனிட். அதற்காக நன்றாக ஓடும் எல்லா விசிறிகளையும் கழற்றி எறிய வேண்டாம்; நாள் முழுதும் ஓடும் கூடத்து விசிறி ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், மற்றவை பழுதாகும்போது பார்த்துக்கொள்ளலாம். குளிரூட்டியை 24 பாகைக்குக் கீழே இறக்காதீர்கள். ஒவ்வொரு பாகை கூட்டும்போதும் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைவனம் கூறுகிறது. மேற்குச் சன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டியோ கெட்டித் திரையோ போட்டால் குளிரூட்டியைத் தொடங்கும் நேரமே ஒரு மணி தள்ளிப்போகும்.

ஏழாம் படி: துணி

திருப்பூரில் சாயம் ஏறும் ஒவ்வொரு சட்டைக்கும் நொய்யல் ஆற்றில் ஒரு கணக்கு உண்டு. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கி, அந்த நீர் வயலுக்கு உதவாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை அடையும்வரை சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு சுத்திகரிப்பில் அங்கே பெருமுயற்சிகள் நடந்திருக்கின்றன. ஆனால் ஆடித் தள்ளுபடியில் விலை மலிந்துவிட்டது என்பதற்காக மூன்று சட்டை வாங்கும் நம் பழக்கத்தை எந்த நீதிமன்றமும் நிறுத்த முடியாது. அதை நாமேதான் நிறுத்த வேண்டும்.

பீரோவைத் திறந்து எல்லாத் துணிகளையும் தாங்கியில் ஒரே திசையில் மாட்டுங்கள். உடுத்தித் துவைத்ததை எதிர்த்திசையில் மாட்டுங்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பாமல் நிற்பவை எத்தனை என்று பாருங்கள். பொருந்தாதவற்றைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்தோ பிரித்தோ தைத்துக்கொள்ளலாம். பழைய பட்டுப் புடவை பாவாடையாகும், நைந்த பருத்தி வேட்டி கைப்பிடித் துணியாகும். கிழிந்த பனியனில் வீடு துடைக்காத தமிழ்க் குடும்பம் ஏது? அந்தப் பழக்கம் இருந்த வீட்டில்தான் இன்று துடைப்பதற்கென்றே காகிதச் சுருள் வாங்குகிறோம் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எட்டாம் படி: பழுதும் வெளியேற்றமும்

குக்கருக்குக் கைப்பிடி, மிக்சிக்குக் கப்ளர், குடைக்குக் கம்பி, செருப்புக்கு வார், கத்திக்குச் சாணை என்று ஒவ்வொன்றையும் சரிசெய்பவர் நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இன்னும் இருக்கிறார். அவர்களுடைய கைப்பேசி எண்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டி வையுங்கள். பழுதான அன்றே எண் கண்ணில் பட்டால்தான் புதியது வாங்கும் எண்ணம் தோன்றாது. உழைத்துத் தேய்ந்த மின்னணுப் பொருள்களையும் மின்கலங்களையும் சாதாரணக் குப்பையில் சேர்க்காமல் உரிய சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும்.

போகியன்று பழையதை எரிக்கும் வழக்கம், ஓலையும் பாயும் சாணியும் மட்டுமே இருந்த வீடுகளில் பிறந்தது. இன்று நம் பழையது நெகிழியும் ரப்பரும் செயற்கை இழையும். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்கள்கூடத் தாமதமாயின. போகிக்கு ஒரு வாரம் முன்பே பழையவற்றைப் பிரித்து, உடுத்தத் தக்கதைக் கேட்டுக் கொடுத்து, எடைக்குப் போவதை எடைக்குப் போட்டுவிடுங்கள். கொடுக்கும் துணியைத் துவைத்து, பொத்தான் தைத்துக் கொடுங்கள். நாம் உடுத்தக் கூசுவதை இன்னொருவருக்குக் கொடுப்பது தானமாகாது.

ஆறாம் மாத இறுதியில்

மீண்டும் ஒரு சாதாரண வாரத்தைத் தேர்ந்தெடுத்து, அதே தராசில் நிறுத்து, அதே இடத்தில் சாக்கைக் கவிழ்த்து எண்ணுங்கள். எங்கள் இரண்டாவது எண்ணிக்கையில் பால் உறைகள் அதே பதினான்குதான் இருந்தன. கூரியர் உறை ஒன்று; சாம்பார்ப் பொட்டலம் இல்லை; ஈரக் குப்பை வாசலைத் தாண்டவில்லை. நான்காவது பத்தியில் மாத்திரை அட்டைகளும், குழந்தைகள் கேட்டு வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இரண்டும், மாதவிடாய் அணையாடைகளும் நின்றன. மாத்திரை அட்டையை ஒன்றும் செய்ய முடியாது. அணையாடைக்கு மாற்றாகத் துவைத்துப் பயன்படுத்தும் துணியோ பல ஆண்டு உழைக்கும் மாதவிடாய்க் கிண்ணமோ இருக்கிறது, ஆனால் அதை உடுத்துகிறவரே முடிவு செய்ய வேண்டும், வீட்டார் வற்புறுத்தக் கூடாது. சிப்ஸ் பாக்கெட் பல அடுக்கு நெகிழியால் ஆனது, அதைப் பழைய பேப்பர் கடைக்காரரும் எடுப்பதில்லை. இப்போது சனிக்கிழமை மாலைகளில் வாழைக்காய் வாங்கி வீட்டிலேயே வறுக்கிறோம். தோலைப் பொடியாக நறுக்கித் துவட்டலுக்கு எடுத்துக்கொண்ட பிறகு, மீதியான காம்புகள் தொட்டிக்குப் போகின்றன.